வேற ஒண்ணு கட்டிக்கலாம்

எழுதத் தெரியாதவன் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் கட்டுரை எழுதச் சொன்னால் வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போனவன். மேடையில் இருந்த காலத்திலும் நான் பேசியதில்லை. உங்களில் சிலர் என்னைப் பார்த்திருக்கலாம். வாயைத் திறக்காமல் கயிறும் கைக்குட்டையும் வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, கும்பிட்டுவிட்டு இறங்கிப் போகிற ஆள். 'ஊமை' என்று நீங்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரும் தெரியும். பரவாயில்லை. பேசிக் கெட்டவர்களை நிறையப் பார்த்தவனுக்கு அது பட்டமாகத்தான் படுகிறது.

"ஆண்டு மலருக்கு ஏதாச்சும் எழுதுங்கண்ணே, புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு உதவும்" என்று நம் வித்தைக்காரர் கழகத்தின் செயலாளர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். குவீன்ஸ்டவுனில் நான் இருப்பது மேல்மாடி. இரண்டாவது முறை அவர் வந்தபோது லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க வாசலில் நின்றவரிடம் முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சரி என்றுவிட்டேன். என் கூச்சத்தால் நான் பட்ட பல கஷ்டங்களில் இந்தக் கட்டுரையும் ஒன்று.

புதிதாக வந்திருப்பவர்களைப் போன மாதக் கூட்டத்தில் பார்த்தேன். நல்ல சட்டை, நல்ல சீப்பு. லண்டனிலிருந்து தபாலில் வரவழைத்த பெட்டிகள். அந்தப் பெட்டியைத் திறந்து காட்டும்போது ஒவ்வொருவர் முகத்திலும் இருந்த பெருமையைப் பார்த்தால் பெட்டியை அவர்களே கண்டுபிடித்ததுபோல இருந்தது. ஒரு தம்பி என்னிடம் வந்து, "அண்ணே, நம்ம தொழில்ல பெரிய விதி என்னா? உயிரே போனாலும் ரகசியத்த வெளிய சொல்லக்கூடாது. அதானே லா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நான் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தார். நான் ஆட்டவில்லை. அவர் பாவம், எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முறை உரக்கக் கேட்டார்.

ரகசியமாம். உள்ளே ஒரு தையல், ஓரத்தில் கொஞ்சம் மெழுகு, அடியில் ஒரு கண்ணாடித்துண்டு. நம் மொத்த ரகசியமும் ஒரு தையற்காரரின் மேசை இழுப்பறையில் அடங்கிவிடும். இதற்கு விளக்கேற்றி உறுதிமொழி வேறு எடுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தம்பிக்கு அன்று சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். ஒரு பொம்பளையின் குடும்பமே ஒரு வித்தையால் போக இருந்த கதை இது. போகாமல் இருந்ததற்குக் காரணம், ரகசியம் வெளியே போனதுதான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த ஐம்பதுகளில் சிங்கப்பூரில் நம்மவர்களில் வித்தைக்காரர் என்று யாருமே கிடையாது. எல்லோரும் புரொபசர். முடி வெட்டுகிறவர் புரொபசர். பள்ளிக்கூடத்து வாசலில் ஐஸ் விற்றவர் சனிக்கிழமை மட்டும் புரொபசர். ஒருமுறை கோவில் மண்டபத்தில் ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று புரொபசர்கள் வந்து, முன்வரிசை நாற்காலிக்குச் சண்டை போட்டார்கள். உண்மையான புரொபசர்கள் அப்படிச் சண்டை போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. போட்டாலும் எதிராளியின் தொப்பிக்குள் இருந்த புறாவைத் திறந்து விட்டிருக்கமாட்டார்கள்.

நான் பகலில் சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையில் துணி கிழிக்கிற வேலையில் இருந்தேன். மாலையில் அந்த மூன்று பேரில் ஒருவருக்குத் திரைக்குப் பின்னால் ஆளாக இருந்தேன். அப்போதே எனக்கு முப்பது தாண்டி, கல்யாணமும் ஆகியிருந்தது. அந்த ஒருவரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். புரொபசர் என்றே சொல்கிறேன். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

கை நல்ல கை. அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கு வாய்தான் தெய்வம். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரரின் நிகழ்ச்சியைப் பார்த்து, அவர் பேசிய பேச்சை வரி வரியாகத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்திருந்தார். எந்த வரிக்குப் பிறகு சிரிப்பு வரும், சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், எங்கே பொய்யாக இருமவேண்டும், எல்லாம் முடிவு செய்தது. ஒரு நாள் இருமல் உண்மையாகவே வந்துவிட்டது. எங்கே விட்டோம் என்று தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். சபையோருக்கு மறுபடி வணக்கம் சொன்னார்.

அவருடைய பெரிய வித்தை கடிகாரம். சபையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, அவர் கைக்கடிகாரத்தை வாங்கிப் பட்டுப்பையில் போட்டு, கல்லின் மேல் வைத்து, சுத்தியலை அவர் கையிலேயே கொடுத்து அடிக்கச் சொல்வார். பிறகு பையைத் தட்டில் கவிழ்ப்பார். சுருளும் பல்சக்கரமும் கொட்டும். கடிகாரக்காரரின் முகம் விழும். அப்போது புரொபசர் அவர் தோளில் தட்டி, "போனா போகுது சார், பழசுதானே? வேற ஒண்ணு கட்டிக்கலாம்!" என்பார். கொட்டகை அதிரும். கடைசியில் ஒரு கிண்ணம் நிறைய முட்டை வரும். அதில் ஒன்றை உடைத்தால் உள்ளே கடிகாரம் இருக்கும், ஓடிக்கொண்டே. உண்மையான கடிகாரம் நடுவில் எப்படி என் கைக்கு வந்தது, நான் அதை முட்டைக்குள் எப்படி வைத்தேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சமாச்சாரம். எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

ஒரு வருடம் பொங்கலை ஒட்டி வந்த ஒரு சனிக்கிழமை, துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் கலைவிழா. திறந்தவெளியில் பலகை மேடை. வலது பக்கம் பெஞ்சில் ஆண்கள், இடது பக்கம் பாயில் பெண்கள். மேடை ஓரத்தில் குத்துவிளக்கு, குங்குமம், சந்தனம், பூ, கற்கண்டுத் தட்டு. பாட்டு, கும்மி, தலைவர் பேச்சு எல்லாம் முடிந்து, பொழுது சாய்கிற நேரத்தில் புரொபசர் வந்தார்.

"யாராச்சும் ஒரு நல்ல கைக்கடிகாரம் குடுங்க சார்!"

யாரும் எழுந்திருக்கவில்லை. கப்பலில் மூட்டை தூக்குகிற மனிதர்களில் எத்தனை பேர் கடிகாரம் கட்டிக்கொண்டு கலைவிழாவுக்கு வருவார்கள்? தலைவரிடம் ஒன்று இருந்தது. அவர் சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அங்கேயே புரொபசர் அந்த வித்தையை மூட்டை கட்டியிருக்கவேண்டும். சீட்டு இருந்தது, கயிறு இருந்தது, புறா இருந்தது. ஆனால் அவருடைய பேச்சில் அடுத்தது கடிகாரம். அதனால் கடிகாரம்தான்.

"கடிகாரம் இல்லாட்டி மோதிரம்? சங்கிலி? தங்கமா எது இருந்தாலும் கொண்டாங்க!"

"என்கிட்ட இருக்கு லா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மாரிமுத்து என்று பெயர். கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர். லேசாகக் கால் தாங்கி நடந்து, நண்பர்கள் கைதட்ட மேடையேறினார். பையிலிருந்து மெல்லிய ரோஜா நிறக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். சிராங்கூன் சாலையில் வேலை செய்கிற எவனுக்கும் அந்தக் காகிதம் தெரியும். நகைக்கடைக் காகிதம். பிரித்தார். சங்கிலி. அதன் நடுவில் தாலி தொங்கியது.

அறுந்த வளையத்தை மாற்றுவதற்காக ஆசாரியிடம் கொடுத்திருந்த மனைவியின் தாலிச் சங்கிலியை, வேலை முடிந்து வாங்கிக்கொண்டு நேராகக் கலைவிழாவுக்கு வந்திருக்கிறார். வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். பெண்கள் பக்கம் போய் மனைவியிடம் கொடுத்திருக்கலாம். நண்பர்கள் முன்னால் மேடையேற ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் சில ஆண்களுக்கு மூளை வேலை செய்யாது.

புரொபசர் தாலியைப் பார்த்தார். நான் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்தேன். ஒரு மூச்சு அவருக்கு நின்றது. அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் வெள்ளைக்காரர் வீட்டில் பிறந்தவர் இல்லை. கல்யாணமானவர், வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். "தம்பி, இது என் கை படவேண்டிய பொருள் இல்லை. கொண்டுபோய் வீட்டம்மாகிட்ட குடுங்க" என்று சொல்லியிருந்தால் போதும். அன்றைக்குக் கிடைத்த கைதட்டல்களில் அதற்குத்தான் பெரிய கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் அந்த வரி அவருடைய மனப்பாடத்தில் இல்லை. மூச்சு திரும்பி வந்தது. அதோடு அடுத்த வரியும் வந்தது.

"எல்லாரும் நல்லாப் பாருங்க! அசல் தங்கம்!"

உயரத் தூக்கிக் காட்டினார். பாயில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள். கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு. தங்கம் ஆசாரியிடம் இருக்கும் நாட்களில் கட்டிக்கொள்வது. "ஐயோ, அது..." என்று அவள் ஏதோ சொன்னாள். மேளக்காரர் அந்த நேரம் பார்த்துத் தன் வேலையைக் காட்டியதில் எதுவும் கேட்கவில்லை.

சங்கிலி பைக்குள் போனது. அடுத்த நிமிடம் அது என் கையில் இருந்தது. மேடையில் மாரிமுத்து சுத்தியலை ஓங்கினார். விஞ்சு பிடிக்கிற கைக்கு மெதுவாக அடிக்கத் தெரியாது. கல்லில் பொறி பறந்தது. புரொபசர் பையைத் தகரத் தட்டில் கவிழ்த்தார். சட்டைப்பைக் கடிகாரங்களுக்கென்று தனியாகத் தயாராக இருந்த பை அது. பித்தளைச் சங்கிலித் துண்டுகள் சலசலவென்று விழுந்தன.

அப்போதும் அவர் வாயை மூடியிருக்கலாம். அது தானாக ஓடியது.

"போனா போகுது சார், பழசுதானே? வேற ஒண்ணு கட்டிக்கலாம்!"

கடிகாரத்தையும் கட்டுகிறோம், தாலியையும் கட்டுகிறோம். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். அத்தனை வருடம் கடிகாரத்துக்குச் சொன்ன வரி, இங்கே வேறு ஒருத்தியைக் கட்டிக்கொள் என்று ஆகிவிட்டது. ஆண்கள் பக்கம் பலகை மேடையே அதிர்கிற மாதிரிச் சிரிப்பு. அதுவரை அந்த வரிக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு வந்ததே இல்லை. புரொபசர் முகம் மலர்ந்துபோனது. சுத்தியலோடு நின்ற மாரிமுத்துவும் சிரித்தார்.

பெண்கள் பக்கம் ஒவ்வொரு கையும் அவரவர் தாலியைப் பிடித்துக்கொண்டது.

பிறகு மாரிமுத்துவின் அம்மா மேடையேறினார். துறைமுகக் கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைக்கிற வேலை பார்த்தவர். கோணி ஊசி பிடித்துக் காய்த்த கை. அந்தக் கையால் தட்டிலிருந்த துண்டுகளை ஒருமுறை அளைந்து பார்த்தார். மகனைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களாடி எல்லாரும்? போன வருஷம் இவன் கால்ல சரக்கு விழுந்துச்சு. போன மாசம் சங்கிலி தானா அறுந்துச்சு. இன்னைக்கு தாலியே தூளாப் போச்சு, அதுவும் இவன் கையாலயே. அவ கழுத்துக்குத் தாலி தங்காது. நான் அப்பவே சொன்னேன், எவளாச்சும் கேட்டீங்களா? நாளைக்கே ஈப்போவுக்கு ரயில் ஏத்துறேன். அவ அண்ணன் வீட்டுல இருக்கட்டும். எனக்கு என் புள்ள உசுரு வேணும்."

பக்கத்தில் இருந்த பெண்கள் "வேணாங்க்கா, விடுங்க்கா" என்று பதறிய விதத்திலேயே, அந்த அம்மா சொன்னால் செய்கிறவர் என்று தெரிந்தது. மஞ்சள் கயிற்றோடு நின்ற மருமகள் அழவில்லை. அவள் மேடையில் நின்ற புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கியம் என்று பெயர். அவன் சுத்தியலைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றான். மன்னியுங்கள், இதுவரை 'அவர்' என்று எழுதினேன். இந்த இடத்தில் 'அவன்' என்றுதான் வருகிறது.

புரொபசருக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. அம்மா மேடையேறியதும் நல்லதாகப் போயிற்று, முடிவு இன்னும் பெரிதாக இருக்கும் என்றுதான் அவர் நினைத்தார். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். திரைப்பக்கம் கையை நீட்டி, "முட்டை!" என்றார்.

என் ஒரு கையில் சங்கிலி, இன்னொரு கையில் முட்டை. வைக்கவேண்டியதுதான் பாக்கி. முட்டைக்குள் எதையாவது வைத்து அடுத்தவர் வாசலில் புதைத்தால் அதற்கு என்ன பெயர் என்று அந்தக் குடியிருப்பில் குழந்தைக்கும் தெரியும். செய்வினை. உடைந்த தாலி முட்டைக்குள்ளிருந்து முழுதாக வழவழவென்று வெளியே வந்தால் வித்தை என்று கைதட்டவா போகிறார்கள்? அந்தப் பெண் ஈப்போவுக்குப் போகிற ரயிலில் அவளோடு இந்தக் கதையும் ஏறும். ஈப்போவிலும் அவளை எவரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

"முட்டை!" என்றார் மறுபடி. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு, "எக், எக்!" என்று இங்கிலீஷில் கேட்டார். ஏதோ எனக்குத் தமிழ் மறந்துபோனதுபோல.

நான் முட்டையைக் கீழே வைத்துவிட்டு, குத்துவிளக்குப் பக்கத்தில் இருந்த பூத்தட்டை எடுத்து, அதில் சங்கிலியை வைத்துக்கொண்டு மேடைக்கு வந்தேன். நாலு பேர் இருக்கிற அறைக்குள் நுழையவே யோசிக்கிறவன் நான். கால் எப்படி நடந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தட்டை அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"உடையலம்மா. இந்தாங்க."

அவர் தொடவில்லை. ஒரு அடி பின்னால் போனார்.

"கண்கட்டு! உடைஞ்சத நான் கண்ணால பாத்தேன். இது மாயத் தாலி. வீட்டுக்குப் போனா கரியாப் போயிடும். யார ஏமாத்துறீங்க?"

மலாய்க்காரர்கள் நம் தொழிலை 'சீலாப் மாத்தா' என்பார்கள். கண் செய்த பிழை என்று பொருள். நம்மவர்கள் கண்கட்டு என்கிறார்கள், யாரோ வந்து துணியால் கட்டிவிட்டதுபோல. அந்தச் சொல்லால் நமக்கு எவ்வளவு பெருமை! சக்தி இருக்கிறது என்று ஜனங்கள் நம்பவேண்டும் என்று ஒவ்வொரு புரொபசரும் எவ்வளவு பாடுபட்டார்! இப்போது அந்த அம்மா நம்பிவிட்டார். உடைந்ததை நம்பினார், திரும்பி வந்ததை நம்பவில்லை. இனிமேல் எந்த வித்தை செய்து காட்டினாலும் நம்பிக்கை கூடத்தான் செய்யும். செய்ததைப் பிரித்துக் காட்டினால்தான் போகும்.

நான் கல்லின் மேல் கிடந்த பட்டுப்பையை எடுத்தேன். புரொபசர் என் மணிக்கட்டைப் பிடித்தார். முகம் சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. வாய் மட்டும் மெதுவாக, "உள்ள போ. பைய மட்டும் காட்டினே, இந்த ஊர்ல நீ எந்த மேடையும் ஏற முடியாது" என்றது.

கையை உதறினேன். பையை அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

"கைய விட்டுப் பாருங்கம்மா."

அவர் தயங்கித் தயங்கிக் கையை விட்டார். ஒன்றுமில்லை. எடுத்துவிட்டு மறுபடி விட்டார். சாக்குத் தைக்கிற கை ஆயிற்றே. உள்ளே இருந்த தையலை விரல் கண்டுபிடித்துவிட்டது. முகம் மாறியது. பையைச் சட்டென்று வெளிப்பக்கமாகத் திருப்பினார்.

"அடச்சீ! ரெண்டு பை!"

"ஒண்ணுல உங்களோடது போச்சு, அத அடிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து எங்கிட்ட குடுத்தாச்சு. இன்னொண்ணுல ஏற்கெனவே இந்தப் பித்தளை இருந்துச்சு. உங்க மகன் அடிச்சது வெறும் பித்தளை. தாலி என் கையில இருந்துச்சு. கீழ விழல, அடி படல."

நான் மேடையில் பேசிய மொத்தப் பேச்சும் அவ்வளவுதான். அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசவில்லை.

அந்த அம்மா பையைக் கையுறைபோல மாட்டிக்கொண்டு பெண்களுக்குக் காட்டினார். "இங்க பாருங்கடி. ரெண்டு பை. தையலாவது நேரா இருக்கா பாரு, கோணல். இதுக்கா இந்தக் கோட்டு? இதுக்கா இந்தத் தொப்பி? தூ!"

"இவ்ளோதானாக்கா?" என்றாள் ஒருத்தி.

"இவ்ளோதான்டி. என் சுருக்குப்பையில மூணு அறை இருக்கு. நான் என்ன புரொபசரா?"

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அது நம் தொழிலுக்கு எப்போதாவது கிடைக்கிற நல்ல சிரிப்பு இல்லை. ஏளனம். ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். "ரெண்டு பை புரொபசர்!" என்று எவனோ கத்தினான். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க, அந்த அம்மாவின் முகத்தில் இருந்த பயம் இறங்கியது.

அதற்குள் பாக்கியம் மேடைக்கு வந்துவிட்டாள். தட்டிலிருந்த சங்கிலியை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு வளையமாக விரலால் நகர்த்தினாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"ஆசாரி புதுசா வெச்ச வளையம் இது. கொஞ்சம் செவப்பா இருக்கு பாருங்க அத்தை. இது என்னோடதுதான்."

அத்தை பார்த்தார். தலையை ஆட்டினார்.

பிறகு பாக்கியம் புருஷன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. முன்வரிசைக்குக் கேட்டிருந்தால் அதிகம்.

"அவரு காசுக்குச் சொன்னாரு. நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க... அதான் நானும்..."

"எல்லாருமா கட்டினாங்க?"

மாரிமுத்து திரும்பி அம்மாவைப் பார்த்தான். இத்தனை வருடம் எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம்தான் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

"என்னைய ஏன்டா பாக்குற? கேக்குறா இல்ல, சொல்லு" என்றார் அம்மா. அவன் சொல்லமாட்டான் என்று தெரிந்ததும் மருமகளிடம், "வா, வீட்டுக்குப் போவோம். காலையில மஞ்சத் தண்ணியில கழுவிப் போட்டுக்க" என்றார். ஈப்போவைப் பற்றிப் பேச்சில்லை. மன்னிப்பும் இல்லை. இருவரும் இறங்கிப் போனார்கள். மாரிமுத்து சுத்தியலை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நொண்டிக்கொண்டு ஓடினான்.

புரொபசர் சொன்னதைச் செய்தார். மூன்று புரொபசர்களும் அதுவரை எதிலும் ஒன்றுசேர்ந்ததில்லை. என்னை ஒதுக்குவதில் ஒன்றுசேர்ந்தார்கள். ரகசியத்தை விற்றவன் என்றார்கள். இரண்டு வருடம் போல எனக்கு மேடை கிடைக்கவில்லை. பிறகு நான் தனியாக ஆரம்பித்து, பேச்சு இல்லாமல் செய்த வித்தைகளைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பேச்சு வராததால் பேசவில்லை என்று நினைத்திருப்பீர்கள். பாதி உண்மை.

புரொபசரிடம் ஒருமுறை கேட்டேன், தாலி என்று தெரிந்தும் ஏன் அண்ணே நிறுத்தவில்லை என்று. "ஆரம்பிச்சாச்சே தம்பி" என்றார். வேறு காரணம் சொல்லியிருந்தால்கூட மரியாதை வந்திருக்கும். ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியாதவரின் கையில் எவ்வளவு வேகம் இருந்தால் என்ன? அவரும் தண்டவாளத்தில் போகிற ரயிலும் ஒன்றுதான். சபையோரின் கண்ணைக் கட்டுவதாகச் சொல்லிக்கொண்டு அன்றைக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு போனவர் அவர் ஒருவர்தான்.

கூட்டத்தில் கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். நீங்கள் காப்பாற்றுகிற ரகசியம் பெரும்பாலும் உங்கள் மரியாதையைத்தான் காப்பாற்றுகிறது. ஜனங்கள் இவ்வளவுதானா என்று துப்பிவிடுவார்களே என்கிற பயம். துப்பட்டும். அன்றைக்கு அவர்கள் துப்பியதால்தான் ஒருத்தி தன் வீட்டில் தங்கினாள். நாம் அத்தனை வருடம் வாங்கிய கைதட்டலில் எந்த வீடும் நின்றதாக எனக்குத் தெரியாது. இதற்காக என்னைக் கழகத்திலிருந்து எடுப்பதாக இருந்தால், தயவுசெய்து கடிதம் போடுங்கள். மாடி ஏறி வரவேண்டாம்.

அந்தக் கலைவிழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேக்கா பசாருக்குப் போயிருந்தேன். மீன் கடையில் அந்த அம்மா விலை பேசிக்கொண்டிருந்தார். பாக்கியம் பக்கத்தில் நின்று மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்தில் சங்கிலி இருந்தது. மாரிமுத்து கொஞ்சம் தள்ளி, மார்க்கெட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. நான் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.